அத்தியாயம் 4: இந்தச் சம்பளத்துக்குச் சென்னை கட்டுப்படியாகுமா?

நம் கரிசல் காட்டுப் பரளச்சியில் ஒரு பிள்ளைக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்றால் அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு கேள்வி வந்துவிடும். "எம்புட்டுச் சம்பளம்?" என்பது ஒன்று. "அங்க வீட்டு வாடகையே அம்புட்டுக் கேப்பாகளாமே, கட்டுமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் ஆஃபர் லெட்டரில் இருக்கிறது, அதுவும் முழுசாக இல்லை. இரண்டாவதற்கு யாரும் பதில் எழுதித் தருவதில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நீங்களே எழுதிவிடலாம்.

கணக்கை எங்கே தொடங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பொதுவாகச் சம்பளத்தை எழுதி அதற்கு அடியில் வாடகையை எழுதிக் கழிப்பார்கள். மிச்சம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து அந்த மிச்சம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கரிசல் காட்டிலிருந்து போகிறவர்கள் வாடகையைக் கடைசியில்தான் எழுத வேண்டும். ஊருக்குப் போக வேண்டிய பணம் முதலில்.

தாளில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம்

படித்து முடித்துப் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய ஐடி கம்பெனிகள் தரும் தொடக்கச் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 3.36 லட்சம் என்பது கேம்பஸ் இன்டர்வியூ போனவர்களுக்குப் பழக்கமான எண். வீட்டில் உடனே பன்னிரண்டால் வகுப்பார்கள். 28,000 வரும். அந்த 28,000 எந்த மாதமும் உங்கள் அக்கவுன்ட்டுக்கு வராது.

லெட்டரில் சி.டி.சி. என்று போட்டிருப்பது உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்., பின்னாளில் தர வேண்டிய கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வேலையைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லும் வேரியபிள் எல்லாம் அதற்குள் அடக்கம். மாதிரிக்கு ஒரு கணக்கு. அடிப்படைச் சம்பளம் 14,000 என்று வையுங்கள். கம்பெனியின் பி.எஃப். பங்கு அதில் 12 சதவீதம், 1,680. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 673. காப்பீடு 300. வேரியபிள் வருடத்துக்கு 24,000 என்றால் மாதத்துக்கு 2,000. நான்கையும் கழித்தால் 23,347. சம்பளச் சீட்டில் மொத்தம் என்று நிற்பது இதுதான். இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,680 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250, மாதத்துக்குப் பிரித்தால் 208. கைக்கு வருவது 21,459.

வருமான வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில், நிலைக்கழிவு 75,000-ஐயும் சேர்த்து, சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. வாடகை ரசீது வைத்து எச்.ஆர்.ஏ. சலுகை வாங்குவது பழைய முறையில் மட்டும்தான். இந்தச் சம்பளத்துக்கு அந்தப் பேச்சே தேவையில்லை.

சம்பளம் இதைவிடச் சிறியதாக இருந்தால் ஒரு நல்லதும் உண்டு. மொத்தம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு வரும். உங்கள் பங்கு 0.75 சதவீதம். 18,000 வாங்குகிறவருக்கு 135 ரூபாய். உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவின் வருமானம் மாதம் 9,000-க்கு மேல் போகாவிட்டால் அவர்களையும் அதில் சேர்க்கலாம். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 20,800-க்கு ஒரு வேலையும் 21,500-க்கு ஒரு வேலையும் கையில் இருந்தால், வீட்டில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் இருந்தால், அந்த 700 ரூபாய் கூடுதலைப் பார்த்து மயங்காதீர்கள்.

எச்.ஆரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. "எல்லாப் பிடித்தமும் போக மாதாமாதம் அக்கவுன்ட்டில் எவ்வளவு விழும்?" கேட்கக் கூச்சப்படுவார்கள். கூச்சப்படாதீர்கள். தினமும் பத்துப் பேர் கேட்கும் கேள்விதான் அது.

30 சதவீதம் யாருடைய கணக்கு?

சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை கொடுக்காதே என்று எல்லாரும் சொல்வார்கள். இந்த எண் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1969-ல் எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் கொண்டுவந்த திருத்தத்தால், அரசு கட்டிய குடியிருப்புகளில் இருக்கும் ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று ஆனது. 1981-ல் அதை 30 ஆக்கினார்கள். அந்த மக்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஒரே வீட்டில் சம்பாதித்து அதே வீட்டில் செலவழிக்கிற குடும்பத்துக்குப் போட்ட கணக்கு. உங்கள் சம்பளத்தில் இரண்டு வீட்டு அடுப்பு எரிய வேண்டும். 21,459-ல் 30 சதவீதம் 6,438. உங்களால் உண்மையில் எவ்வளவு முடியும் என்று பார்ப்போம்.

கல்விக்கடன் மூன்று லட்சம், வட்டி 10.5 சதவீதம், ஏழு வருடத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 5,060. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது என்பதால் பலர் முதல் வருடக் கணக்கில் இதைச் சேர்ப்பதே இல்லை. வட்டி மட்டும் அந்த ஒரு வருடத்தில் 31,500 ஏறியிருக்கும். தவணை இல்லாத வருடத்தின் தெம்பில் நல்ல அறையாகப் பிடித்தவர்கள் பதின்மூன்றாம் மாதம் மூட்டை கட்டுகிறார்கள். முதல் நாளிலிருந்தே 5,060-ஐ எழுதிவிடுங்கள்.

வீட்டுச் செலவுக்கு மாதம் 4,000 என்று வைப்போம். சிலர் கூடக் கொடுப்பார்கள், சிலரால் முடியாது. எவ்வளவு என்பதை அம்மாவிடம் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். "பாத்து அனுப்பிவிடு" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அதை ஒரு எண்ணாக மாற்றாமல் பஸ் ஏறாதீர்கள்.

அடுத்தது, நகரத்தில் எழுதும் கணக்குப் புத்தகங்கள் எதிலும் இல்லாத வரி. நம் ஊரில் பணம் மாதக் கணக்கில் நடப்பதில்லை, பருவக் கணக்கில் நடக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி, பரளச்சி எங்கும் பெரும்பாலும் மானாவாரிதான். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பு. பருத்தி, மிளகாய், மக்காச்சோளம், மல்லி, உளுந்து எதுவானாலும் ஆவணியில் உழவுக் கூலி தொடங்கி, விதை, அடியுரம், களையெடுப்பு என்று கார்த்திகை வரைக்கும் வீட்டிலிருந்து பணம் வெளியேதான் போகும். தைக்கு மேல்தான் திரும்பும், மழை சரியாகப் பெய்திருந்தால். நடுவில் தீபாவளி. ஆகவே செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் ஊரிலிருந்து ஒரு ஃபோன் வரும். "களைக்கு ஆள் விட்டிருக்கு, ஒரு அஞ்சாயிரம் தோதுப்படுமாப்பா?" என்று அப்பா கேட்பார். அந்த அழைப்பு வருமா வராதா என்று யோசிக்காதீர்கள், வரும். மழை பொய்த்த வருடம் இரண்டு தடவை வரும்.

கூடவே முகூர்த்த மாதங்களில் மொய், பங்குனியில் கோயில் பொங்கல், போகவர டிக்கெட். அருப்புக்கோட்டை வழியாகச் சென்னைக்குச் சிலம்பு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஆனால் தினசரி வண்டி என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்னால் திறக்கும். பொங்கலுக்கு நவம்பரிலேயே போட வேண்டும். விட்டுவிட்டால் ஆம்னி பஸ்ஸில் மற்ற நாட்களின் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்துப் போக வேண்டும். பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கம் வரை போகும் செலவு தனி. 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து தெற்கே போகும் பஸ்களுக்கு அதுதான் இடம். களைக்கூலி, மொய், பொங்கல், டிக்கெட் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு 24,000, அதாவது மாதம் 2,000 ஒதுக்குங்கள். தனி அக்கவுன்ட்டில் போட்டு ஏ.டி.எம். கார்டை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனாலும் தப்பில்லை.

தவணை, வீட்டுச் செலவு, இந்த 2,000 மூன்றையும் கூட்டினால் 11,060. கையில் மிச்சம் 10,399.

இனி உங்கள் வயிறு. மெஸ்ஸில் மூன்று வேளைக்கு நாள் ஒன்றுக்கு 150 என்றால் மாதம் 4,500. அம்மா உணவகத்தை மறக்க வேண்டாம். 2013-ல் தொடங்கியபோது வைத்த ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம் என்ற விலைதான் அதன் பெருமை, மாதக் கடைசியில் அங்கே சட்டையை இன் செய்தவர்களையும் பார்க்கலாம். ஆனால் அதையே நம்பிக் கணக்கெழுதாதீர்கள். மாநகரப் பேருந்து மாத பாஸ் 1,000. செல்ஃபோன் 350. ரீசார்ஜ் 28 நாளுக்கு என்பதால் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை வரும், அதையும் சேர்த்துத்தான் 350. சோப்பு, முடிவெட்டு, மாத்திரை, ஒரு சினிமா எல்லாம் சேர்த்து 1,000. மொத்தம் 6,850.

வாடகைக்கு நிற்பது 3,549.

6,438 எங்கே, 3,549 எங்கே. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 2,889 ரூபாயில்தான் முதல் வருடம் பலர் கிரெடிட் கார்டுக்குள் விழுகிறார்கள்.

3,549-க்குச் சென்னையில் என்ன கிடைக்கும்?

தனி வீடு கிடையாது. அதைத் தேடி ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். ஒரு படுக்கையறை வீடு ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல்தான் பேச்சே தொடங்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்மாவட்டத்து ஆண்பிள்ளைகளைத் தாங்கியவை. பக்கத்திலேயே மெஸ், நடக்கும் தூரத்தில் பறக்கும் ரயில். அலுவலகம் அண்ணா சாலையிலோ எழும்பூரிலோ இருந்தால் அது இன்றைக்கும் நல்ல ஏற்பாடு. ஓ.எம்.ஆர். வேலைக்கு அது தூரம்.

நடைமுறையில் இரண்டு வழிதான். ஒன்று, நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் 14,000 ரூபாய் வீட்டை நாலு பேர் பகிர்ந்தால் தலைக்கு 3,500. இன்னொன்று பி.ஜி., அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி. அங்கே சாப்பாடும் சேர்த்துக் கேட்பார்கள். ஆகவே வாடகைக்கு வைத்த 3,549-ஐயும் சாப்பாட்டுக்கு வைத்த 4,500-ஐயும் கூட்டி 8,049 வரை போகலாம். எட்டாயிரத்துக்கு மூன்று நாலு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில் வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் கிடைக்கும். சாப்பாட்டை ஒரு நாள் சாப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பி.ஜி. சாப்பாடு பிடிக்காமல் ராத்திரிக்கு வெளியே பரோட்டா சாப்பிட்டால், எட்டாயிரம் பி.ஜி. பத்தாயிரம் ஆகிவிடும்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூடுவாஞ்சேரி மலிவுதான். வேலை கிண்டியிலோ எழும்பூரிலோ என்றால் செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயில் சீசன் டிக்கெட்டில் சுலபமாகப் போய்வரலாம். வேலை சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ என்றால் கதை வேறு. ஓ.எம்.ஆர். நெடுக ரயில் கிடையாது. மாதவரம்–சிப்காட் மெட்ரோ தடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது ஓடத் தொடங்கும்போது அந்தப் பக்க வாடகையும் ஓடத் தொடங்கும். அதுவரை ரயிலேறி இறங்கி, பஸ் மாறி, போகவர மூன்று மணி நேரம். மாதம் 24 நாள் என்றால் 72 மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்றால் ஒன்பது வேலைநாள் ரோட்டில் போகிறது. முதல் வேலையில் இருக்கிறவர்கள் அடுத்த வேலைக்குப் படிக்க வேண்டிய நேரம் அது. ஒரே வண்டி, ஏறினால் அலுவலக வாசலில் இறங்க வேண்டும், நடுவில் மாறக் கூடாது என்பது என் வரம்பு. அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

மலிவாகக் கிடைக்கும் தரைத்தள வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனரிடம் கேட்காமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு மழையைச் சந்தேகப்படும் பழக்கம் கிடையாது. சென்னையில் அதைப் பழக வேண்டும். அதே ஊரில்தான் 2019 கோடையில் ஏரிகள் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. போரில் வருவது நல்ல தண்ணியா உப்பா, லாரித் தண்ணீருக்குப் பணம் யார் கொடுப்பது, குடிக்கக் கேன் வாங்க வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேன் மட்டுமே நாலு பேர் வீட்டில் மாதம் 500 தாண்டும்.

அட்வான்ஸ் என்ற மதில்

மாத வாடகை கட்டுப்படியானாலும் வீட்டுக்குள் நுழைய முடியாமல் திரும்புகிறவர்கள் உண்டு. காரணம் அட்வான்ஸ். ஒரு காலத்தில் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கம், இப்போது குறைந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய என்று ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் ஓனர்கள் ஐந்து மாதம் கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம், சண்டை போட முடியாது.

14,000 வீட்டுக்கு ஐந்து மாத அட்வான்ஸ் 70,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 14,000. முதல் மாத வாடகை 14,000. ஆக 98,000. நாலு பேருக்குப் பிரித்தால் 24,500. பாய், தலையணை, ஃபேன், வாளி என்று 3,500. சம்பளம் எப்போது வரும்? மாத நடுவில் சேர்ந்தால் பல கம்பெனிகளில் அந்த மாதச் சம்பளப் பட்டியல் முடிந்திருக்கும், அடுத்த மாதக் கடைசியில்தான் பணத்தைப் பார்ப்பீர்கள். ஒன்றரை மாதச் சாப்பாடு, பஸ், இதர செலவு 10,275. இரண்டாம் மாத வாடகை 3,500. மொத்தம் 41,775 கையில் இல்லாமல் வீடெடுக்க முடியாது.

இந்தப் பணம் ஊரில் எங்கிருந்து வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மாவின் கம்மல் கூட்டுறவு சங்கத்துக்கோ பேங்குக்கோ போகும், இல்லையென்றால் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்குக் கைமாற்று. ரெண்டு வட்டிக்கு 40,000 வாங்கினால் மாதம் 800 வட்டி. இனி உங்கள் வாடகை 3,500 அல்ல, 4,300. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்பார்கள். திரும்பி வரும் வரை வட்டி யார் கட்டுவது?

பி.ஜி.யில் இதே ஒன்றரை மாதம் எப்படிப் போகும் என்று பாருங்கள். அட்வான்ஸ் 5,000, இரண்டு மாதக் கட்டணம் 16,000, சாப்பாடு நீங்கலான செலவு 3,525. மொத்தம் 24,525. மாதக் கணக்கில் பி.ஜி.யும் பங்கு வீடும் ஒன்றுபோலத்தான். நுழையும் செலவில் பதினேழாயிரம் வித்தியாசம். எனவே முதல் மூன்று மாதம் பி.ஜி., அதற்குள் கூட இருக்க ஏற்ற ஆட்களைப் பார்த்துக்கொண்டு பிறகு வீடு. ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். நல்லதுதான், ஒருவன் வாடகை தராமல் இழுத்தால் ஊரில் இரண்டு குடும்பம் பேசாமல் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சிலர் "ஒத்திக்கு எடுத்துவிடு, வாடகையே இல்லை" என்பார்கள். சென்னையில் அதை லீஸ் என்பார்கள். நாலு லட்சம் கொடுத்து எட்டாயிரம் வாடகை மிச்சமானால் வருடத்துக்கு 96,000, அதாவது 24 சதவீதம். சரியாக நம் ஊர் ரெண்டு வட்டி. சொந்தச் சேமிப்பாக இருந்தால் யோசிக்கலாம். வட்டிக்கு வாங்கி ஒத்தி எடுப்பதில் ஒரு காசு லாபமில்லை. அப்படியே எடுத்தாலும் வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரம் பதியாமல் எடுக்கக் கூடாது. ஓனர் அந்த வீட்டின் மேல் பேங்கில் கடன் வாங்கியிருந்தால் உங்கள் நாலு லட்சம் வரிசையில் பின்னால் நிற்கும்.

ஓனரிடம் பேசும்போது

வாடகைக்கு வெளியே இருக்கும் வாடகைகளைக் கேட்க வேண்டும். மெயின்டனன்ஸ் தனியா? கரண்டுக்கு யூனிட் எவ்வளவு? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்த சலுகை. அது மின்வாரிய மீட்டருக்குத்தான். ஓனர் போட்டுக் கொடுக்கும் சப்-மீட்டரில் முதல் யூனிட்டிலிருந்தே எட்டோ பத்தோ ஓடும். தனி மீட்டர் உள்ள வீடு 300 ரூபாய் கூட இருந்தாலும் எடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். பதினோரு மாதத்துக்கு எழுதுவது ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்க வந்த பழக்கம். இப்போதைய சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிந்தவர்கள் குறைவு. நீங்கள் கேட்டால் ஓனர் முகம் சுளிப்பார். கேட்பதில் தவறில்லை. வாடகையை மட்டும் கையில் கொடுக்காமல் ஜிபே-யிலோ பேங்க் வழியாகவோ அனுப்புங்கள், அதுவே ரசீது.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று தொடங்கி "நீங்க எந்த ஆளுக?" என்று சுற்றி வளைத்து வருகிறவர்களும் உண்டு. கறி சமைப்பீர்களா என்று கேட்பதும் பல நேரம் அதே கேள்விதான். பேச்சிலருக்கு வீடில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர் இவர்களைவிடத் தேவலை. பதிலுக்கு வாதாடி அந்த வீட்டில் குடியேறி என்ன சுகம் கிடைக்கப் போகிறது? அடுத்த தெருவைப் பாருங்கள். பி.ஜி.யையும் மேன்ஷனையும் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்பிள்ளைகளுக்குக் கணக்கில் கொஞ்சம் மாற்றம் உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ் பாஸ் 1,000 மிச்சம். 3,549 என்பது 4,549 ஆகும். அந்த ஆயிரத்தைப் பாதுகாப்பான தெருவுக்கும் வாட்ச்மேன் உள்ள இடத்துக்கும் கொடுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன. தனியார் விடுதிகளுக்கு முன்னால் அவற்றில் இடம் கேட்டு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலை என்றால், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறது. தங்குமிடமும் பஸ்ஸும் கம்பெனியே தரும் 15,000 ரூபாய் வேலை, இரண்டையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய 21,000 ரூபாய் வேலைக்குச் சமமாகக்கூட நிற்கும். தாளில் பார்த்தால் தெரியாது.

மதுரையா சென்னையா?

மதுரையில் கைக்கு 16,000 வரும் ஒரு வேலையும் இருக்கிறது என்று வையுங்கள். இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது. பங்கு அறை 2,500, சாப்பாடு 4,000, இதர செலவு, வாராவாரம் ஊர் போய்வருவது எல்லாம் சேர்த்து 2,000. மிச்சம் 7,500. சென்னையில் ஊருக்கென்று எடுத்து வைக்க முடிந்தது 11,060. சம்பளத்தில் வித்தியாசம் 5,459. கையில் நிற்பதில் வித்தியாசம் 3,560. தாயோ தகப்பனோ உடம்புக்கு முடியாமல் இருக்கும் வீட்டில் அந்த 3,560-க்கு மதுரையை விடக் கூடாது என்பேன். அப்படி எதுவும் இல்லாதவர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும். முதல் சம்பளத்துக்காக அல்ல, அங்கே இரண்டாவது வேலை சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக.

பெங்களூர் என்றால் வாடகையும் அட்வான்ஸும் இன்னும் ஒரு படி மேலே. மாதம் 25,000-மோ அதற்கு மேலோ வாங்கினால் தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. கணக்குப் போடும் முறை இதேதான். சிங்கப்பூருக்கு வொர்க் பர்மிட்டில் போகிறவர்களுக்குத் தங்குமிடத்துக்கு முதலாளிதான் பொறுப்பு, வாடகைக் கவலை இல்லை. அங்கே ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தின் வட்டிதான் வாடகை. அது எத்தனை மாதச் சம்பளத்தில் அடையும் என்று பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள்.

கட்டுப்படியாகாது என்று வந்தால்

கணக்கு முடிவில் வாடகைக்கு 2,000 கூட நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டில் கை வைப்பார்கள் பிள்ளைகள். ஊர்ப் பணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள் பெற்றோர். இரண்டும் மூன்று மாதத்துக்கு மேல் நடக்காது. குறைக்க முடிந்த பெரிய எண் கல்விக்கடன் தவணைதான். பேங்குகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் பதினைந்து வருடம் வரை தவணை நீட்ட இடம் தருகிறது. அதே மூன்று லட்சத்தைப் பதினைந்து வருடமாக்கினால் தவணை 5,060-லிருந்து ஏறத்தாழ 3,320-க்கு இறங்கும். மாதம் 1,740 ரூபாய் மூச்சு விடலாம். விலையும் உண்டு. ஏழு வருடத்தில் கட்டும் வட்டி ஒன்றேகால் லட்சம் என்றால், பதினைந்து வருடத்தில் மூன்று லட்சத்தைத் தொடும். ஆகவே நீட்டிவிட்டு, சம்பளம் ஏறிய இரண்டாம் மூன்றாம் வருடத்திலிருந்து கூடுதலாகக் கட்டி முன்னதாகவே முடிப்பதுதான் வழி. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவணையை நீட்டும் விண்ணப்பத்தை அருப்புக்கோட்டைக் கிளையிலோ, எங்கே கடன் வாங்கினீர்களோ அங்கேயோ, முதல் தவணை தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். இரண்டு தவணை தவறிய பிறகு போனால் மேனேஜர் பேசும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.